கத்திச்சண்டையும் கலகலப்பும்: ரிச்சர்ட் லெஸ்டரின் ‘தி த்ரீ மஸ்கிட்டியர்ஸ்’ படத்தை விமர்சகர்கள் எப்படி வரவேற்றார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘த்ரீ மஸ்கிட்டியர்ஸ்’ என்று எத்தனையோ படங்கள் இருக்கின்றனவே, இது எது?

1973 டிசம்பரில் பாரிஸில் முதலில் திரையிடப்பட்டு, 1974-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான படம். இயக்கம் ரிச்சர்ட் லெஸ்டர். பீட்டில்ஸ் பாடகர்களை வைத்து ‘எ ஹார்ட் டேஸ் நைட்’, ‘ஹெல்ப்!’ படங்களை எடுத்தவர். திரைக்கதை ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேசர், ‘ஃப்ளாஷ்மன்’ நாவல்களை எழுதியவர். தயாரிப்பு, பின்னாளில் ‘சூப்பர்மேன்’ எடுத்த சால்கைண்ட் குடும்பம். கதை பிரான்ஸில் நடக்கிறது. படப்பிடிப்பு முழுக்க ஸ்பெயினில்.

மைக்கேல் யார்க் தார்த்தன்யானாக வருகிறார். ஆலிவர் ரீட் அத்தோஸ், ஃப்ராங்க் ஃபின்லே போர்த்தோஸ், ரிச்சர்ட் சேம்பர்லின் அராமிஸ். மதகுருவும் ராஜாவின் முதலமைச்சருமான கார்டினல் ரிஷிலியூவாக சார்ல்டன் ஹெஸ்டன், அவருடைய ஒற்றர்களான மிலேடி, ரோஷ்ஃபோர் வேடங்களில் ஃபே டனவேயும் கிறிஸ்டோபர் லீயும். இத்தனை பெரிய பெயர்களை ஒரே படத்தில் குவித்துவிட்டு, அவர்களைச் சேற்றில் விழவும் சூப் பாத்திரத்தில் கால் வைக்கவும் விட்ட படம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நாவலைப் படிக்காதவர்களுக்குக் கதை என்ன?

அலெக்சாந்தர் துமா 1844-ல் ‘ல சியேக்ல்’ பத்திரிகையில் தொடர்கதையாக எழுதியது. ஒகுஸ்த் மக்கே என்பவர் கூட இருந்து உழைத்தார். கதை 1625-ல் தொடங்குகிறது. கிராமத்திலிருந்து தார்த்தன்யான் என்ற ஒரு பையன் ராஜாவின் காவல்படையான மஸ்கிட்டியர் படையில் சேரப் பாரிஸுக்குக் கிளம்புகிறான். முதல் நாளே மூன்று மஸ்கிட்டியர்களிடம் வம்பு வளர்த்து, பிறகு அவர்களுக்கே உயிர்த்தோழன் ஆகிறான். ராணி ஆன், தன் கணவர் பரிசளித்த வைரப் பதக்கங்களை இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபுவிடம் கொடுத்துவிடுகிறாள். கார்டினலுக்கு அது தெரிந்துபோகிறது. நடனவிருந்துக்குள் பதக்கங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதல் படம் அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு நாவல் இருட்டுகிறது. அந்த இருட்டு, தொடர்ச்சியாக வந்த இரண்டாம் படத்துக்குப் போய்விட்டது.

படம் வெளியானபோது விமர்சகர்கள் பொதுவாக என்ன சொன்னார்கள்?

பெரும்பாலும் மகிழ்ச்சியாகத்தான் எழுதினார்கள். ‘வெரைட்டி’ பத்திரிகை இதில் தெளிவாக இருந்தது: லெஸ்டர் கதையைக் கிண்டல் செய்யவில்லை, சாகசத்தோடு நகைச்சுவையைச் சேர்த்திருக்கிறார் என்றது. அந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர்களுக்குப் படம் பிடித்தது, பிடித்துக்கொள்ளாதவர்களுக்கு உறுத்தியது.

உறுத்தியவர்களில் முக்கியமானவர் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் வின்சென்ட் கேன்பி. லெஸ்டருக்கு அடிதடியில், அதிலும் சிரிப்பு அடிதடியில் மட்டும்தான் அக்கறை என்று அவருக்குத் தோன்றியது. வாள்சண்டைகளை ஒத்திகை பார்த்துப் பார்த்து அமைத்ததில் இயல்பான துடிப்பு போய்விட்டது, பார்க்கச் சுவாரசியமாக இருந்தாலும் தானாக நடப்பதுபோல் இல்லை என்று எழுதினார்.

இந்தப் படத்துக்கு முன்னால் லெஸ்டர் இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969-ல் வந்த ‘தி பெட் சிட்டிங் ரூம்’ தோற்றபின் நான்கு வருடம் அவர் கையில் படமே இல்லை. வெட்டி வெட்டி ஓட்டும் படத்தொகுப்பு, குறும்பு, அறுபதுகளின் லண்டன் – இவைதான் அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும். அப்படிப்பட்டவர் கையில் ஒரு செவ்வியல் நாவல் சிக்கினால் கந்தலாக்கிவிடுவார் என்ற பயத்தோடு போனவர்கள் பலர். பயந்தபடி நடக்கவில்லை என்ற நிம்மதியும் அந்தப் பாராட்டுகளில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள், இது நாவலைக் கேலி செய்யும் படம்தானே?

இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

துமாவின் நாவலை ‘மாபெரும் வீரகாவியம்’ என்று அட்டையில் போட்டு விற்றே பழக்கிவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயமே சிரிப்பு. தார்த்தன்யான் ஏறி வரும் குதிரை மஞ்சள் நிறம், வாலில் மயிர் கிடையாது. மெங் ஊருக்குள் நுழைந்ததுமே ஒருவன் அந்தக் குதிரையைப் பார்த்துச் சிரிக்கிறான். பையனுக்கு ரோஷம் வந்து சண்டைக்குப் போக, ஆட்கள் அடித்துப் போடுகிறார்கள். தெளிந்து எழுந்து மறுபடி வாளை உருவுகிறான். கையில் வந்தது ஒரு சாண் இரும்புத்துண்டு! உடைந்த வாளின் கைப்பிடிப் பக்கத்தை மட்டும் சத்திரக்காரன் பத்திரமாக உறைக்குள் சொருகி வைத்திருக்கிறான். மீதி எங்கே என்றால், இறைச்சிக்குள் கொழுப்புத் துண்டு செருகும் ஊசியாக இருக்கட்டும் என்று சமையல்காரன் எடுத்து வைத்துக்கொண்டான். நாயகனின் அப்பா கொடுத்த வாள் அடுக்களைக்குப் போய்விட்டது. இது லெஸ்டர் செய்த குறும்பு இல்லை, துமா எழுதியது.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அத்தோஸோடு பகல் பன்னிரண்டு மணிக்குச் சண்டை, போர்த்தோஸோடு ஒரு மணிக்கு, அராமிஸோடு இரண்டு மணிக்கு என்று ஒரே நாளில் மூன்று பேரிடம் வாக்குக் கொடுக்கிறான் பையன். களத்தில் நின்று, ‘முதல் ஆளே என்னைக் கொன்றுவிட்டால் மற்ற இருவருக்கும் கடனை அடைக்க முடியாதே’ என்று மன்னிப்புக் கேட்கிறான். போர்த்தோஸின் தங்க வார்ப்பட்டை முன்பக்கம் மட்டும்தான் தங்கம், பின்பக்கம் வெறும் எருமைத்தோல். அதை மறைக்கத்தான் ஜலதோஷம் என்று சொல்லி மேலங்கியைப் போர்த்திக்கொண்டு திரிகிறார். அத்தோஸ் ஒரு சத்திரத்தின் நிலவறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, நூற்றைம்பது பாட்டில் ஒயினைக் காலி செய்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்.

இதையெல்லாம் வெட்டிவிட்டு, மார்பை நிமிர்த்தி நிற்கும் வீரர்களாக மட்டும் காட்டிய படங்கள்தான் நாவலிடமிருந்து விலகியவை. ஃப்ரேசர் நாவலை வரிவரியாக மதித்துத் திரைக்கதை எழுதியவர். சிரிப்பை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

அப்படியானால் லெஸ்டர் சொந்தமாக எதுவுமே சேர்க்கவில்லையா?

சேர்த்தார், அது பெரிய விஷயம். படத்தின் ஓரங்களைப் பாருங்கள்.

முதல் தடவை இந்தப் படத்தை ஒரு நண்பரின் வீட்டில் தேய்ந்துபோன வீடியோ கேசட்டில் பார்த்தேன். வாள்வீச்சையும் முகங்களையும் மட்டும்தான் பார்த்தேன். பல வருஷம் கழித்து நல்ல பிரதியில் திரும்பப் பார்த்தபோது காதில் வேறு ஒரு படம் கேட்டது. பல்லக்குத் தூக்குகிறவன் முணுமுணுக்கிறான். வேலைக்காரி அலுத்துக்கொள்கிறாள். பெரிய மனிதர்கள் முன்னால் நின்று தேசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் கவிழ்த்துவிட்டுப் போன பாத்திரத்தைப் பின்னால் ஒருவன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறான். அந்த முணுமுணுப்புகளில் பெரும்பகுதி பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்தது. முன்னால் ஒரு கதை, பின்னால் ஒரு குரல் என்று இரண்டு தடத்தில் படம் ஓடுகிறது.

ராஜா சதுரங்கம் ஆடும் காட்சி இன்னொன்று. புல்வெளியில் கட்டம் போட்டு, காய்களுக்குப் பதிலாக உடை மாட்டிய நாய்கள். ராஜா நகர்த்தச் சொல்கிறார், நாயைப் பிடித்துக்கொண்டு நகர்வது ஆட்கள். அதில் வசனத்துக்கு வேலையே இல்லை. ஓர் அரசவை மனிதர்களை எதற்கெல்லாம் வேலை வாங்கும் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது.

துமாவிடமும் வேலைக்காரர்கள் உண்டு. பிளான்ஷே, க்ரிமோ, மூஸ்கெத்தோன், பாசான் என்று எஜமானுக்கு ஒருவர். க்ரிமோ வாய் திறக்கக் கூடாது, சைகைதான் என்பது அத்தோஸின் உத்தரவு. அதை வைத்து துமா நம்மைச் சிரிக்க வைக்கிறார். ஆனால் அங்கே நாம் வேலைக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறோம். லெஸ்டர் படத்தில் வேலைக்காரனோடு சேர்ந்து எஜமானைப் பார்த்துச் சிரிக்கிறோம். துமா குதிரை மேல் இருந்து சிரிக்கிறார், லெஸ்டர் தரையில் நின்று சிரிக்கிறார். பிளான்ஷேயாக ராய் கின்னியர் கிடைத்தது லெஸ்டருக்கு அடித்த அதிர்ஷ்டம். மூச்சு வாங்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, எஜமானின் வீரத்துக்கெல்லாம் தன் உடம்பால் விலை கொடுக்கும் மனிதராக அவர் நிற்கிறார்.

அன்றைய விமர்சனங்களில் ‘ஒரே இரைச்சல்’, ‘திரையில் நெரிசல்’ என்ற குறை அடிபட்டதற்குக் காரணமும் இந்த ஓரங்கள்தான். ஒரே தடவை திரையரங்கில் பார்த்துவிட்டு மறுநாள் எழுத வேண்டியவருக்கு அது நெரிசலாகத்தான் இருந்திருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பப் பார்க்கும் வசதி வந்தபிறகு படத்தின் மதிப்பு ஏறியதும் இதனால்தான்.

சண்டைகளில் துடிப்பு இல்லை என்று கேன்பி சொன்னாரே, ஒத்துக்கொள்கிறீர்களா?

ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஏன் அப்படித் தோன்றியது என்று புரிகிறது. பழைய ஹாலிவுட் சாகச நாயகன் எரால் ஃப்ளின் காலத்துக் கத்திச்சண்டையில் ஒரு நடன ஒழுங்கு இருக்கும். இரண்டு பேரும் படியில் ஏறுவார்கள், இறங்குவார்கள், மெழுகுவர்த்தியை வெட்டுவார்கள். பார்ப்பவருக்கு அதுதான் ‘இயல்பு’ என்று பதிந்துவிட்டது. இந்தப் படத்துக்குச் சண்டை அமைத்த வில்லியம் ஹாப்ஸ் அதைக் கலைத்தார். இங்கே வாளுக்கு எடை இருக்கிறது. நான்கு வீச்சுக்குமேல் கை தளர்கிறது. வாள் கைநழுவினால் உதைக்கிறார்கள், மேலங்கியைச் சுழற்றி எதிரியின் முகத்தில் போடுகிறார்கள், கைக்குக் கிடைத்த கட்டையை எடுக்கிறார்கள். சலவை செய்யும் இடத்தில் ஒரு சண்டை வருகிறது; அங்கே ஈரத்துணியும் ஆயுதம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இரவுச் சண்டை. காடு, கும்மிருட்டு. தார்த்தன்யான் கையில் ஒரு விளக்கு, ரோஷ்ஃபோர் கையில் ஒரு விளக்கு. மூடி போட்ட விளக்குகள். திறந்தால் எதிரி தெரிவான், ஆனால் நாமும் தெரிந்துவிடுவோம். மூடினால் இருவருமே குருடு. ஆக, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதே சண்டையாகிறது. வெளிச்சக் கீற்றில் ஒரு முகம், ஒரு வாள்முனை, மறுபடி இருட்டு. ஒளிப்பதிவாளர் டேவிட் வாட்கின் காட்டுக்கு முழுக்க நீல வெளிச்சம் அடித்து நிரப்பிவிடவில்லை. அந்த விளக்குகளையே நம்பினார். பார்க்கிறவருக்கும் கண் தடுமாறும். இதில் சிரிப்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. இதை ஒத்திகை பார்க்காமல் எடுத்தால் உயிர்ச்சேதம்தான் ஆகும். ஒத்திகை பார்த்தும் அடிபட்டார்கள்: காற்றாலைச் சண்டையில் ஆலிவர் ரீட் காயப்பட்டார்.

கேன்பி சொன்னதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்ளலாம். முதல் படத்தில் சண்டைகளின் எண்ணிக்கை அதிகம். நடுவில் ஒன்றைக் குறைத்திருந்தால், அராமிஸும் போர்த்தோஸும் யார் எவர் என்று மனதில் பதிய நேரம் கிடைத்திருக்கும். சேம்பர்லினுக்கும் ஃபின்லேவுக்கும் படத்தில் போதிய இடம் இல்லை.

நடிகர்களில் யாரைப் பாராட்டினார்கள்?

விருதாகக் கிடைத்தது ராகேல் வெல்ச்சுக்கு. ராணியின் பணிப்பெண்ணும் தார்த்தன்யானின் காதலியுமான கான்ஸ்டன்ஸ் பாத்திரத்துக்காக இசை/நகைச்சுவைப் படப் பிரிவில் சிறந்த நடிகைக்கான கோல்டன் குளோப் வாங்கினார். அழகுப் பதுமையாக மட்டுமே பார்த்துப் பழகியவரை, நடக்கும்போதெல்லாம் எதிலாவது இடித்துக்கொள்ளும் அப்பாவிப் பெண்ணாகப் பார்த்தது பலருக்கு வியப்பாக இருந்தது.

அடுத்து ஹெஸ்டன். முந்தைய படங்களில் பென்-ஹராகவும் மோசேயாகவும் நடித்த மனிதர் குரலை உயர்த்தாமல், அசையாமல் உட்கார்ந்து பயமுறுத்துகிறார். சுற்றிலும் எல்லோரும் விழுந்து எழுந்துகொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் சிரிப்பில் கலந்துகொள்ளவே இல்லை. அந்த அமைதி படத்துக்கு நங்கூரம் என்பது என் கணிப்பு.

காலம் யாரைத் தூக்கிப் பிடித்தது என்றால், அது ஆலிவர் ரீட். அவருடைய அத்தோஸ் சண்டை போடும்போது சாவதற்குத் தயாராக இருக்கும் மனிதன்போல் போடுகிறார். குடித்துவிட்டுத் தன் பழைய திருமணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நகைச்சுவைப் படம் ஒரு நிமிடம் நின்றுவிடும்.

பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு ஒளிப்பதிவு, ஆடை வடிவமைப்பு, இசை உள்ளிட்ட பிரிவுகளில் பரிந்துரை கிடைத்தது. இவோன் பிளேக்கின் ஆடைகளை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். புதிதாகத் தைத்துப் போட்டதுபோல் இருக்காது. அழுக்கும் கசங்கலும் ஒட்டுத் தையலுமாக, உடுத்தி உழன்ற துணி போல இருக்கும்.

இன்றைக்குப் பார்த்தால் எந்தச் சிரிப்பு செல்லுபடியாகவில்லை?

கான்ஸ்டன்ஸின் உடம்பை வைத்துச் செய்த சில வேடிக்கைகள். அவளுடைய கிழட்டுக் கணவர் பொனாசியாக ஸ்பைக் மில்லிகன் வரும் காட்சிகளில் நானும் சிரித்தேன். ஆனால் கேமரா அவளைப் பார்க்கும் விதம் சில இடங்களில் கூசுகிறது. அன்றைய விமர்சகர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதைக் குறையாகவே பார்க்கவில்லை. இப்போது எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். வெல்ச்சின் நடிப்புத் திறமை அந்தக் காட்சிகளையும் மீறித் தெரிகிறது என்பது அவருக்குப் பெருமை.

ஒரு படம் எடுக்கப் போய் இரண்டு படம் ஆன கதை என்ன?

இடைவேளை விட்டுக் காட்டும் ஒரே நீளப் படமாகத்தான் தொடங்கினார்கள். எடுத்தது பெருகிக்கொண்டே போகவே, தயாரிப்பாளர்கள் அதை இரண்டாகப் பிரித்து வெளியிட முடிவு செய்தார்கள். நடிகர்கள் கையெழுத்துப் போட்டது ஒரு படத்துக்கு, சம்பளம் வாங்கியதும் ஒரு படத்துக்கு. விஷயம் தெரிந்ததும் வழக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்க நடிகர் சங்கத்தின் ஒப்பந்தங்களில், இந்த வேலை எத்தனை படத்துக்கு என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்ற விதி நுழைந்தது. திரையுலகில் அதற்கு ‘சால்கைண்ட் விதி’ என்றே பெயர்.

முதல் படத்தின் கடைசியிலேயே இரண்டாம் படத்தின் துணுக்குக் காட்சிகள் வந்துவிடுகின்றன.

இரண்டாம் படமான ‘தி ஃபோர் மஸ்கிட்டியர்ஸ்’ ஏன் அவ்வளவு கொண்டாடப்படவில்லை?

ஒரு வருஷம் கழித்து வந்தது. மிச்சம் மீதியைச் சேர்த்துப் படமாக்கி விற்கிறார்கள் என்ற எண்ணம் பலருக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. சம்பளத் தகராறுச் செய்தி அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது. இசையும் மாறிவிட்டது: முதல் படத்துக்கு மிஷேல் லெக்ராண்ட், இரண்டாவதற்கு லாலோ ஷிஃப்ரின்.

ஆனால் அடிப்படைச் சிக்கல் வேறு. சிரிக்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்கள் முன்னால் கதையில் வருகிறவர்கள் செத்துக்கொண்டே போகிறார்கள். கன்னிமாடத்தில் மிலேடி கான்ஸ்டன்ஸைக் கொல்கிறாள். நாவலில் விஷம், படத்தில் கன்னியாஸ்திரி உடையில் வந்து ஜெபமாலையால் கழுத்தை இறுக்குகிறாள். முதல் படம் முழுக்க இடித்துக்கொண்டும் விழுந்துகொண்டும் நம்மைச் சிரிக்க வைத்த பெண் அவள். பிறகு மிலேடிக்குத் தண்டனை. மரண தண்டனையை நிறைவேற்றுகிறவன் அவளைப் படகில் ஏற்றி ஆற்றின் அந்தக் கரைக்குக் கொண்டுபோகிறான். நாம் இந்தக் கரையில் நின்று தூரத்தில் இருந்துதான் பார்க்கிறோம். நான்கு ஆண்கள் ஒரு பெண்ணை விசாரணை என்ற பெயரில் கொல்ல அனுப்பிவிட்டு நிற்கிறார்கள். அவர்கள் முகத்தில் வெற்றி இல்லை.

நாவலும் இப்படித்தான் முடிகிறது. ஆகவே இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சிரித்துச் சிரித்து நெருக்கமானவர்கள் என்பதால்தான் அவர்களுடைய சாவு உறைக்கிறது. பிரித்து வெளியிட்டதில் தயாரிப்பாளர்களுக்கு இரண்டு வசூல். படத்துக்கு அது பெரிய நஷ்டம். விமர்சகர்கள் பாதிப் படத்துக்கு ஒரு தீர்ப்பு, மீதிப் பாதிக்கு ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. ஆஸ்கரில் ஆடை வடிவமைப்புக்குப் பரிந்துரை கிடைத்தது இந்த இரண்டாம் படத்துக்குத்தான்.

இதற்கு முன்னும் இந்த நாவலைச் சிரிப்புப் படமாக எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். 1921-ல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த படம் வந்த கையோடு, அடுத்த வருஷமே மாக்ஸ் லிண்டர் அதைக் கிண்டல் செய்து ஒரு படம் எடுத்தார். அது உண்மையான கேலிப்படம். 1939-ல் ரிட்ஸ் சகோதரர்களை வைத்து ஒரு பாட்டும் சிரிப்புமான படம். 1948-ல் ஜீன் கெல்லி நடித்தது. நடனக்காரர் என்பதால் சண்டையே நடனம்போல் இருக்கும், அதற்கென்று ஓர் அழகு உண்டு. அந்தப் படத்தில் ரிஷிலியூ ஒரு மதகுரு என்பதையே அடக்கி வாசித்தார்கள். லெஸ்டர் படத்தில் ஹெஸ்டன் செக்கச்செவேலென்ற கார்டினல் அங்கியில் வந்து உட்காருகிறார்.

பின்னால் வந்த படங்களின் விமர்சனங்களில் இந்தப் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

அளவுகோல் ஆகிவிட்டது. 1993-ல் டிஸ்னி எடுத்ததும், 2011-ல் பறக்கும் கப்பலெல்லாம் விட்டு எடுத்ததும், 2023-ல் பிரெஞ்சுக்காரர்களே இரண்டு பாகமாக எடுத்ததும் வந்தபோது, ‘லெஸ்டர் படம்போல் இருக்கிறதா’ என்ற கேள்வியை விமர்சகர்கள் கேட்டார்கள். 2023 படம் சேறும் இருட்டுமாக, சிரிப்பைக் குறைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சேற்றை மஸ்கிட்டியர் கதைக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் லெஸ்டர்தான்.

ஒரு சின்ன சாட்சி. நாவலில் ரோஷ்ஃபோருக்கு முகத்தில் தழும்பு உண்டு, கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். கிறிஸ்டோபர் லீக்கு ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியது இந்தப் படம். 1993 படத்து ரோஷ்ஃபோருக்கும் பட்டை, 2011 படத்து ரோஷ்ஃபோருக்கும் பட்டை. துமா எழுதாத ஒன்று, எழுதியதுபோலவே நிலைத்துவிட்டது. எந்த விமர்சனமும் கொடுக்க முடியாத வரவேற்பு இது.

தமிழ் சினிமாவுக்கும் மஸ்கிட்டியர்களுக்கும் தொடர்பு உண்டா?

இந்தப் படத்தோடு இல்லை, துமாவோடு உண்டு. மஸ்கிட்டியர் கதை வரிசையின் கடைசி நாவலில் வரும் இரும்பு முகமூடி மனிதனின் கதைதான், பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்து மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 1940-ன் ‘உத்தம புத்திரன்’ படத்துக்கும், அதே பெயரில் 1958-ல் சிவாஜி நடித்த படத்துக்கும் வேர். அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கத்திச்சண்டைப் படத்துக்குள் சிரிப்பு வருவது புதிதாகத் தோன்றாது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

முதல் படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். கொஞ்சம் கொச்சையான வேடிக்கை இருக்கிறது, அவ்வளவுதான். சத்திரத்தில் கையில் காசில்லாமல் பொய்ச்சண்டை போட்டுச் சாப்பாட்டைத் திருடும் காட்சிக்குக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டாம் படத்தை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கான்ஸ்டன்ஸ் சாகும் காட்சி சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு படம் வந்ததாமே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

‘தி ரிட்டர்ன் ஆஃப் தி மஸ்கிட்டியர்ஸ்’, 1989. துமாவின் ‘இருபது வருடங்களுக்குப் பிறகு’ நாவலை வைத்து, அதே இயக்குநர், அதே எழுத்தாளர், பழைய நடிகர்களில் பலர். விமர்சகர்கள் குளிர்ச்சியாகத்தான் எழுதினார்கள். வயது தெரிகிறது, வேகம் இல்லை என்றார்கள். சரியான கணிப்புதான்.

ஆனால் அந்தப் படத்தை வெறும் சோர்ந்த தொடர்ச்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. 1988 செப்டம்பரில் ஸ்பெயினின் டொலேடோவில் படப்பிடிப்பு. பிளான்ஷேயாக மறுபடி ராய் கின்னியர். குதிரையிலிருந்து விழுந்தவர் மறுநாள் மாட்ரிட் மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 54. மீதிக் காட்சிகளை மாற்று ஆளையும் இரவல் குரலையும் வைத்து முடித்தார்கள். அறுபதுகளிலிருந்தே லெஸ்டரின் படங்களில் நடித்துவந்த நண்பர் அவர். அதற்குப் பிறகு லெஸ்டர் கதைப்படம் எதுவும் இயக்கவில்லை. 1991-ல் பால் மெக்கார்ட்னியின் இசை நிகழ்ச்சியைப் படமாக்கினார், அதோடு சரி.

முதல் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது பிளான்ஷே வரும் இடங்களில் நான் நிறுத்தி ஓட்டுகிறேன். எஜமான் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும் அந்தக் குண்டு மனிதர் ஒவ்வொரு காட்சியிலும் ஓரத்தில்தான் நிற்கிறார்.